அக்காவின் வாயில் ஊதா மருந்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மோசமானது. நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அரிசி மூட்டை தூக்கிய கை இது. பேனையைப் பிடித்தால் விரல்கள் மடங்க மறுக்கின்றன. எந்த இடத்தில் பெரிய ‘ற’ வரும், எந்த இடத்தில் சின்ன ‘ர’ வரும் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. எழுத்தில் உள்ள பிழையைப் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை. அதை யாரும் திருத்த வேண்டாம்.

பேசவும் எனக்கு வராது. நாலு பேர் கூடியிருந்தால் சுவரோரமாகப் போய் நின்றுகொள்வேன். கண்டியில் நான் வேலை செய்த அரிசிக் கடையில் மற்றக் கூலியாட்கள், “இவனுக்குக் கல்யாணம் பேசப் போனா பொண்ணு வீட்டு வாசல்லயே திரும்பி வந்துருவான்டா” என்று கேலி செய்வார்கள். அது உண்மையும் ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் கண்டிக்குப் பக்கத்தில், கலஹாவுக்கு மேலே இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் இந்தியாவுக்குக் கப்பலேறிய வருஷம் எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. அக்காவுக்கு அப்போதே கல்யாணம் ஆகியிருந்தது. “தம்பி இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்” என்று அக்கா என்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். அத்தான் கொழுந்து லொறி புரண்டு இறந்தார். பிள்ளை இல்லை. பிறகு தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறையில் நானும் அவளும்தான். நான் கண்டிக்கு வேலைக்குப் போய், சனிக்கிழமை இரவு பஸ்ஸில் வந்து, திங்கட்கிழமை விடிய முதல் பஸ்ஸில் திரும்புவேன். அவள் மலையில் கொழுந்து பறித்தாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை டாக்டர் ஐயா என்போம். அவர் டாக்டர் இல்லை. மருந்து கலக்கிக் கொடுக்கவும், ஊசி போடவும், பிள்ளைப்பேறு பார்க்கவும் படித்தவர். சிங்களவர், ஆனால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். வயிற்றுக்கு வெள்ளைத் தண்ணி, இருமலுக்குச் சிவப்புத் தண்ணி, புண்ணுக்கு ஊதாத் தண்ணி. பிள்ளைகளின் தலைச் சிரங்கு, பெண்களின் கால் விரல் இடுக்கு, அட்டை கடித்த இடம், எல்லாவற்றிலும் அவருடைய ஊதா இருக்கும். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது பார்த்தால் தோட்டம் முழுவதையும் அவர் அடையாளம் போட்டு வைத்திருப்பது போல இருக்கும். பின்னால் நின்று அவரை ஊதா ஐயா என்பார்கள். முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏனென்றால் துண்டு அவர் கையில் இருந்தது. துண்டு என்பது ஒரு சின்னக் கடதாசி. ஆளின் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுப்பார். அது இருந்தால்தான் தோட்டத்து லொறியில் கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அது இல்லாமல் வேலைக்கு வராவிட்டால் பேர் வெட்டிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, துண்டு இல்லாமல் போனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். எங்கள் அப்பா நம்பினார். அவருடைய அப்பாவும் நம்பியிருப்பார். அது எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. மழை மேலேயிருந்துதான் வரும் என்பது எங்கே எழுதியிருக்கிறது?

அந்த ஐயாவைப் பற்றி ஒரு நல்லதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலவரம் நடந்த வருஷம் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தபோது நான் ஓடி ஒளிந்து, காடு வழியாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த நாள் கீழேயிருந்து தீப்பந்தமும் பொல்லுமாக ஒரு கூட்டம் ஏறி வந்தது. ஐயா பெண்களையும் பிள்ளைகளையும் டிஸ்பென்சரிக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார். பிறகு கேட்டில் தனியாக நின்று, “உள்ளே இருப்பது நோயாளிகள், என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்” என்று சிங்களத்தில் சொன்னார். கூட்டம் திரும்பிப் போனது. உள்ளே இருந்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி. இது உண்மை. இதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. அது வேறு, இது வேறு.

கலவரம் முடிந்து இரண்டாம் வருஷம் அக்காவின் இடது கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. வெத்திலையை ஒதுக்கி வைக்கும் இடம். முதலில் வெள்ளையாகத் தடித்து, பிறகு சிவந்து வெடித்தது. டிஸ்பென்சரிக்குப் போனாள். ஐயா பஞ்சை ஊதாவில் தோய்த்து உள்ளே தடவினார். அடுத்த வாரமும் தடவினார். அதற்கு அடுத்த வாரமும். ஒருமுறை கடைக்கு லீவு எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

“என்னம்மா, மறுபடியும் வந்துட்டியா? மலையில கொழுந்து முத்துது, நீ இங்க வந்து வாயப் பொளந்துகிட்டு நிக்கிற.”

“எரியுதுங்க ஐயா. சோறு வைக்க முடியலைங்க.”

“வெத்தலைய விடச் சொன்னேன், விட்டியா?”

“விட்டு மூணு மாசம் ஆச்சுங்க.”

“பொய். உங்க ஆளுக சாமிய விட்டாலும் வெத்தலைய விட மாட்டாங்க. ம், தொற.”

திறந்தாள். தடவினார். விரல் விட்டுப் பார்க்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்க்கவில்லை. பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, “அடுத்தாள்” என்றார். நான் சுவரோரமாகவே நின்றேன். பேச வாய் வரவில்லை.

அக்கா அதையும் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். கூடப் பறிக்கும் பெண்கள், “அடியே, நாவப்பழம் எங்கடி கெடைக்குது, எங்களுக்கும் ரெண்டு குடுக்கிறது” என்று கேட்டால் நாக்கை நீட்டிக் காட்டுவாள். லயத்துப் பிள்ளைகளுக்கு ஊதா நாக்கை நீட்டிக் காளி வேஷம் காட்டுவாள். ஐயா வயிற்றைத் தள்ளிக்கொண்டு, குடையை அக்குளில் வைத்து, வணக்கம் வாங்கிக்கொண்டே போகிற நடையை அவளைப் போல யாரும் நடந்து காட்ட முடியாது. அவள் நடந்து காட்டினால் லயமே உருண்டு சிரிக்கும்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. தாடைக்குக் கீழே ஒரு கட்டி திரண்டது. வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. அப்போதுதான் நான் பயத்தை விழுங்கிக்கொண்டு ஐயாவிடம் துண்டு கேட்டேன்.

“துண்டா? எதுக்கு?”

“அக்காவுக்குங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு...”

“நீ என்ன கண்டியில மூட்டை தூக்கி டாக்டர் ஆயிட்டியா? வாய்ப்புண்ணுக்கெல்லாம் துண்டு குடுத்தா தோட்டத்துல ஆள் மிஞ்சுமா? ஊசி போடுறேன், வத்திரும்.”

“இல்லைங்க ஐயா, ஒரே ஒரு தடவை...”

“போடா. துண்டில்லாம போய்ப் பாரு. கேட்ல நிக்கிறவன் கழுத்தப் புடிச்சுத் தள்ளுவான்.”

ஊசி போட்டார். கட்டி வற்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலஹா கடைவீதிக்கு என்னோடு வந்த அக்கா, மண்ணெண்ணெய்க் கடை முன்னால் மயங்கி விழுந்தாள். வாயிலிருந்து இரத்தம் வந்தது. கண்டி பஸ் புறப்பட நின்றது. கொண்டக்டர் யாரையும் கேட்காமல் அவளைத் தூக்கி முன் ஆசனத்தில் கிடத்தினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்கள். நான் அவளைத் தாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை. காவலாளி வந்து சிங்களத்தில், “ஏன் இங்கே நிற்கிறாய்?” என்று கேட்டார்.

“துண்டு இல்லைங்க” என்றேன் சிங்களத்தில்.

“என்ன துண்டு?”

“தோட்டத்துத் துண்டு. ஐயா குடுக்கல.”

அவருக்கு விளங்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இது அரசாங்க ஆஸ்பத்திரி. நோய் இருந்தால் உள்ளே போ. உனக்கு யார் துண்டு தர வேண்டும்?” என்று சொல்லிக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

அந்தக் கேட்டை நான் இன்றுவரை மறக்கவில்லை. அது எப்போதும் திறந்துதான் இருந்திருக்கிறது. என் அக்கா ஒரு வருஷத்துக்கு மேல் ஊதாவைத் தடவிக்கொண்டு திறந்த கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறாள்.

உள்ளே ஒரு பெண் டாக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார். கட்டியை அமுக்கிப் பார்த்தார். எவ்வளவு காலம் என்று கேட்டார். சொன்னேன். டோர்ச்சை மெதுவாக மேசையில் வைத்தார். கூட நின்ற நர்ஸ் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்: “ஆரம்பத்திலயே கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா, சின்னதா வெட்டி எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. இது புற்றுநோய்.”

அந்தச் சொல்லைவிட, சின்னதா என்ற சொல்தான் எனக்குள் போய்க் குத்திக்கொண்டது.

கன்னத்தை எடுத்தார்கள். தாடையில் பாதியையும் நாக்கில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். பிறகு மிச்ச நோயைக் கருக்கக் கரண்ட் வைத்தார்கள். அக்கா லயத்துக்குத் திரும்பி வந்தபோது முகத்தின் இடது பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் கட்டியிருந்தாள். பேச்சுப் போய்விட்டது. கஞ்சித் தண்ணியைக் குழாய் வழியாக ஊற்றினேன், நான் கண்டியில் இருக்கும் நாட்களில் அவளே ஊற்றிக்கொண்டாள். பிள்ளைகள் அவளைக் கண்டால் ஓடினார்கள். அவர்களுக்குக் காளி வேஷம் காட்டியவள் அவள்.

வந்த வாரமே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினேன். டிஸ்பென்சரிக்கு மேலே, பாதை வளையும் இடத்தில் ஒரு பாலம் உண்டு. மாலையில் ஐயா குடையோடு அதைத் தாண்டி வீட்டுக்குப் போவார். அங்கே போய் உட்கார்ந்தேன். கத்தி சாக்குக்குள் இருந்தது. அவர் வந்தார். “என்னடா, அக்கா எப்படி இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே நிற்காமல் போனார். பதில் சொல்லக்கூட என்னால் முடியவில்லை. வெட்ட எங்கே முடியும்?

வீட்டுக்கு வந்தபோது அக்கா சாக்கைப் பிடுங்கி, கத்தியை எடுத்துக் கூரைக்குள் சொருகினாள். பிறகு தன் வாயைக் காட்டினாள். ஐயாவைப் போல வயிற்றைத் தள்ளி நின்று காட்டினாள். பிறகு கண்டிப் பக்கம் கையை நீட்டி, உள்ளங்கையால் மரப்பெட்டியின் மேல் ஓங்கி அடித்தாள். இரண்டு முறை அடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கோர்ட். அவரை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டும் என்கிறாள். அவளுக்கு இல்லாமல் போன வாய் அவருக்கு இருக்கிறது, அதைத் திறக்க வைக்க வேண்டும் என்கிறாள்.

நான் அரிசி கொண்டுபோய் இறக்கும் வீடுகளில் ஒன்று ஒரு லோயரின் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். கலவரத்தில் அவருடைய வீடு எரிந்தது. மனைவி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு, வாடகை வீட்டில் தனியாக இருந்தார். மூட்டையை இறக்கிவிட்டுப் போகாமல் நான் நிற்பதும், அவர் பார்த்ததும் நழுவுவதுமாகப் பல வாரம் போனது. கடைசியில் அவரே கேட்டார்.

“என்ன தம்பி, அரிசி இறக்கியாச்செல்லே? இன்னும் ஏன் நிக்கிறாய்?”

“ஒண்ணுமில்லைங்க சார்.”

“ஒண்டும் இல்லாதவன் ஒவ்வொரு முறையும் இந்தத் தூணோட ஒட்டிக்கொண்டு நிக்கமாட்டான். இரு, கதிரையில இரு. சொல்லு.”

கதிரையில் உட்காராமல், தூணைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உனக்கு என்ன வேணும்? காசோ?”

“அவரு கூண்டுல நிக்கணுங்க சார்.”

“இது கொலை வழக்கில்லை தம்பி. நட்டஈட்டு வழக்கு. வெண்டால் காசுதான் தருவினம்.”

“குடுக்கட்டுங்க. ஆனா எல்லார் முன்னாடியும் நின்னுட்டுக் குடுக்கட்டும்.”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, “வெத்திலை போட்டதாலதான் வந்ததெண்டு அவையள் சொல்லுவினம். ஓம், அதால வந்திருக்கலாம். ஆனா வந்ததைப் பார்க்காம விட்டது ஆர்? அங்கதான் பிடி இருக்கு. ஒண்டு மட்டும் கேள். நோவுக்கும் முகம் போனதுக்கும் கேக்கிற நட்டஈடு உன்ர அக்காவோட உரிமை. என்னென்ன கேள்வியில வழக்கு நடக்குமெண்டு நீதிபதி பதியிற நாள் ஒண்டு வரும். அந்த நாள் வரைக்கும் கொக்கா உயிரோட இருக்கவேணும். அதுக்குப் பிறகு அவ போனாலும் வழக்கு சாகாது, உன்ர கைக்கு வரும். அதுக்கு முன்னம் போனா, அவவோட அதுவும் போயிடும். எதிர்ப்பக்கம் அதை நல்லா அறிவினம்” என்றார்.

தோட்ட நிர்வாகத்தின் மேலும் ஐயாவின் மேலும் வழக்குப் போட்டோம். லோயர் சொன்னது போலவே நடந்தது. ஒரு தவணையில் எதிர்ப்பக்கத்துக்கு வாதாடும் அப்புக்காத்துக்குக் காய்ச்சல். ஒரு தவணையில் கடதாசிகள் வந்து சேரவில்லை. ஒரு தவணையில் ஐயாவுக்கு முதுகுவலி. அவர்களுக்கு உதவியாகக் காலமும் கெட்டுப்போனது. வடக்கே சண்டை நடந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி தொடங்கியது. கடையைத் திறக்காதே, பஸ் ஓட்டாதே, கோர்ட்டுக்குப் போகாதே என்று சுவரில் ஒட்டினார்கள். மகாவலி ஆற்றில் பிணங்கள் மிதந்தன. கோர்ட் கதவு மூடிக் கிடந்தது. இங்கே அக்காவின் கழுத்தில் புதிதாக இன்னொரு கட்டி வந்தது.

அவள் அதை எனக்குக் காட்டாமல் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். நானும் பார்க்காதது போல இருந்தேன். இரண்டு பேரும் ஒரே நாளுக்காகத்தான் காத்திருந்தோம். பெரிய நோவு வந்தால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மரப்பெட்டியை உள்ளங்கையால் அடிப்பாள். சாமி கும்பிடுகிறவர்கள் மணி அடிப்பதைப் போல அது எனக்குக் கேட்கும்.

லயத்துப் பெண்களிடம் சாட்சி சொல்ல வரச் சொல்லிக் கேட்டேன். அக்காவின் வாயை ஒரு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அவர்கள்.

“அவரு இல்லாட்டி அன்னைக்கு நாங்க எல்லாரும் சாம்பல்டா. அவர எதுத்து எப்படி நிக்கிறது?” என்றாள் ஒருத்தி.

“நாளைக்கு எம் புள்ளைக்குக் காய்ச்சல்னா துண்டு யாரு குடுப்பா? நீயா?” என்றாள் இன்னொருத்தி.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருந்தது. ஒருத்தி வீட்டுக் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை.

ஒருவழியாகக் கோர்ட் திறந்து, நீதிபதி கேள்விகளைப் பதியும் நாள் குறித்தார். அக்காவால் நடக்க முடியவில்லை. முதுகில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பேராதனைப் பாலத்தடியில் இராணுவம் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கியது. தமிழர்களைத் தனி வரிசையில் விட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒரு சிப்பாய், சின்ன வயது, துவக்கை அக்காவின் துணிப் பக்கம் நீட்டி, “முகத்தை ஏன் மறைத்திருக்கிறாள்? அவிழ்க்கச் சொல்லு” என்றான்.

நான் சொல்வதற்கு முன் அக்காவே அவிழ்த்தாள். அவன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே அவிழ்த்தாள். அவன் ஒரு அடி பின்னால் போனான். துவக்கு தாழ்ந்தது.

“எங்கே போகிறீர்கள்?”

“கோர்ட்டுக்கு. இதைச் செய்த ஆள் மேல் வழக்கு.”

அவன் திரும்பிப் பாதையைப் பார்த்தான். கண்டிப் பக்கம் போகவிருந்த ஒரு மரக்கறி லொறியை மறித்து, எங்கள் இரண்டு பேரையும் முன்னால் ஏற்றச் சொன்னான். அவன் யார் பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

நாங்கள் கோர்ட் வாசலுக்குப் போகும்போது உள்ளே எங்கள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். எதிர்ப்பக்க அப்புக்காத்து எழுந்து, வழக்காளி உயிரோடு இருக்கிறாரா என்பதே சந்தேகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசல் நிறைய ஆட்கள். முதுகில் அக்காவோடு என்னால் உள்ளே நுழைய முடியவில்லை. நீதிபதி மறுபடியும் கேட்டார், வழக்காளி இருக்கிறாரா என்று.

“இன்னவா!” என்று கத்தினேன். இருக்கிறார் என்பதற்குச் சிங்களம். என் வாழ்க்கையில் நான் கத்திய ஒரே சொல் அதுதான். கோர்ட் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆட்கள் விலகி வழி விட்டார்கள். ஐயாவும் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் அத்தனை காலம் உயிரை வைத்திருந்தேன். கேள்விகளைப் பதிந்தார்கள்.

ஆனால் அதில் ஒரு கேள்வி எங்களுக்கு ஆபத்தாக இருந்தது. ஆஸ்பத்திரி எல்லோருக்கும் திறந்திருக்கும்போது வழக்காளி தானாகவே போகாமல் விட்டது யாருடைய குற்றம் என்று அவர்கள் கேட்டார்கள். துண்டு என்று ஒரு சட்டமே கிடையாது, அது வெறும் சிபாரிசுக் கடதாசி என்றார்கள். அன்று மாலை எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், லோயர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எழுத்தில இல்லாத ஒண்டை நான் எப்பிடி உண்மையெண்டு காட்டுறது? ஒரு சாட்சியும் வரமாட்டுதெண்டால்?”

அப்போது அவர் வீட்டு விறாந்தையில் பாயில் சாய்ந்திருந்த அக்கா கையைத் தட்டிக் கூப்பிட்டாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். லோயரின் குடையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமான உடம்பில் இல்லாத வயிற்றைத் தள்ளினாள். இரண்டு பக்கமும் வணக்கம் வாங்கிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து நாலு எட்டு நடந்தாள். கால் தடுமாறியது. ஆனால் அச்சு அசல் அவர்தான்.

லோயர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி அவளையே பார்த்தார். “ஓம் அக்கா, விளங்கீட்டுது. ஆளைக் குத்தினால் சுருங்குவார். தடவிக் குடுத்தால் வீங்குவார். அதுதானே?” என்றார். அக்கா தலையை ஆட்டினாள்.

ஐயா சாட்சி சொன்ன நாளில் லோயர் ஊதா மருந்தைப் பற்றி முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. விசாரணை சிங்களத்தில் நடந்தது. எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். கலவர நாளில் கேட்டில் நின்றதைப் பற்றிக் கேட்டார். ஐயா நீட்டி முழக்கிச் சொன்னார். நீதிபதிகூடத் தலையை ஆட்டினார். ஐயாவின் நெஞ்சு நிமிர்ந்தது.

“அப்ப, தோட்டத்து ஆட்கள் உங்க சொல்லைத் தட்ட மாட்டாங்க?”

“எப்படித் தட்டுவாங்க? நான் வர்றதுக்கு முந்தி அந்தத் தோட்டத்துல ஒரு ஒழுங்கே கிடையாது.”

“நீங்க வந்துதான் ஒழுங்குக்குக் கொண்டு வந்தீங்க.”

“நான்தான். தலைவலின்னு சொல்லி டவுனுக்கு ஓடுறது, அதெல்லாம் என்கிட்ட நடக்காது.”

“அப்படின்னா உங்க துண்டு இல்லாம ஒருத்தர் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா?”

“போறதாவது! என் கையெழுத்து இல்லாம ஒரு ஆள் அந்த மலையை விட்டு இறங்க முடியாது. என் காலத்துல ஒருத்தர்கூட இறங்கினது கிடையாது.”

அவருடைய அப்புக்காத்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. தொண்டைக்குள்ளிருந்து காற்று வருவது போல. திரும்பிப் பார்த்தேன். அக்கா துணியை அவிழ்த்து மடியில் வைத்திருந்தாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. பக்கத்தில் இருந்த பெண் அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுக்கப் போனாள். அவள் அழவில்லை. சிரித்தாள். ஐயா அதைப் பார்த்தார். அதன் பிறகு லோயர், “டோர்ச் அடித்துப் பார்த்தீர்களா?” என்று கேட்டதற்கும், “விரல் விட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டதற்கும் அவர் பதிலை நிலத்துக்குத்தான் சொன்னார்.

தீர்ப்பு வருவதற்கு முன் அக்கா போய்விட்டாள். வழக்கு சாகவில்லை. வென்றோம். காசை நிர்வாகம் கட்டியது. ஐயாவின் சட்டைப் பையிலிருந்து ஒன்றும் போகவில்லை. வேலையும் போகவில்லை. பென்ஷன் வரைக்கும் இருந்து, பிறகும் டிஸ்பென்சரிக்கு மேலே உள்ள வீட்டிலேயே தங்கிக்கொண்டார். லோயர் என் தோளில் தட்டி, “வெண்டிட்டாய் தம்பி, இனி விடு” என்றார். நான் தலையை ஆட்டினேன். விடவில்லை.

எங்கள் ஆட்களைப் புதைக்கும் இடம் அந்தப் பாலத்து வளைவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாதையோரமாக, யாரும் புதைக்க விரும்பாத மூலையைக் கேட்டு வாங்கினேன். வந்த காசில் அக்காவுக்குச் சீமெந்தில் ஆள் உயரத்துக்குக் கல்லறை கட்டினேன். மற்றக் கல்லறைகள் எல்லாம் வெள்ளை. நான் மருந்துக் கடையில் அதே ஊதா மருந்தைப் போத்தல் போத்தலாக வாங்கிச் சுண்ணாம்பில் கலந்து பூசினேன். விடிந்து பார்த்தால் நிறம் போய் வெளுத்துக் கிடந்தது. அந்த மருந்து அங்கேயும் வேலை செய்யவில்லை. பிறகு பெயின்ட் கடைக்குப் போய் அதே நிறத்தைக் கலக்கச் சொல்லி வாங்கினேன்.

முதல் நாள் மாலை ஐயா குடையோடு வந்தார். நான் பாலத்துக் கட்டில் உட்கார்ந்திருந்தேன். நின்றார்.

“என்னடா இது, இப்படி ஒரு கலரு? உங்க அக்காவுக்குப் பிடிச்ச கலரா?”

“இல்லைங்க ஐயா. நீங்க குடுத்த கலருங்க.”

இந்த முறை பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. அவர் குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டார். பிறகு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த வழியால் வரவில்லை. பெக்டரியைச் சுற்றிக்கொண்டு, ஏற்றமான மேல் பாதையில் போனார். அதன் பிறகு எப்போதும் அப்படித்தான். மழையிலும், மூச்சு வாங்கும் வயதிலும் அந்த ஏற்றத்தில்தான் ஏறினார். வருஷா வருஷம் நான் ஒரு பூச்சு புதிதாகப் பூசினேன். மேல் பாதையிலிருந்து பார்த்தாலும் அது தெரியும். பாலத்துக் கட்டில் உட்கார்ந்து அந்தக் குடை மெதுவாக மேலே ஏறுவதைப் பார்ப்பேன். எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

போன வாரம் தோட்டத்திலிருந்து அரிசி வாங்க வந்த ஒருவன் சொன்னான், ஐயா செத்துவிட்டார் என்று. கண்டியில் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் வைத்து, நாலு டாக்டர்கள் பார்த்தார்களாம். அவருக்குத் துண்டு யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. லயத்து ஆட்கள் எல்லோரும் மரணச் சடங்குக்குப் போனார்களாம். கேட்டில் நின்றதைச் சொல்லிச் சொல்லி அழுதார்களாம். அழட்டும். அவர்களுக்கு அது உண்மை.

நான் ஞாயிற்றுக்கிழமை போய்க் கல்லறைக்கு இன்னொரு பூச்சுப் பூசினேன். இனி மேல் பாதையில் சுற்றிப் போக ஆள் இல்லை என்று தெரிந்தும், வழக்கத்தைவிடத் தடிப்பாகவே பூசினேன். பூசி முடித்து, ஈரம் காய்வதற்கு முன் உள்ளங்கையால் அதன் மேல் இரண்டு முறை ஓங்கி அடித்தேன். நகக்கண்ணில் ஊதா இன்னும் போகவில்லை. இந்தக் கடதாசியில் அங்கங்கே தெரிவது மையில்லை, அதுதான்.

வெளியே வெடி கொளுத்துகிறார்கள். வடக்கே சண்டை முடிந்துவிட்டதாம். தெருவில் பாற்சோறு கொடுக்கிறார்கள். கடையை மூடிவிட்டதால்தான் உட்கார்ந்து இதை எழுத முடிந்தது.

வைகாசி மாதம் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை.